அன்றாட உடைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ள முடியுமா? திருவிதாங்கூர் வரலாறு முதல் தையல் நுட்பம் வரை - ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: ஒருவர் உடுத்தும் உடையை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்காகப் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்த நிலம் திருவிதாங்கூர். எந்தப் பெண் மார்பை மறைக்கலாம், எந்த வகை ஆடையால் மறைக்கலாம் என்பதையெல்லாம் அங்கு அரச ஆணைகள் வரையறுத்தன. அந்த நாட்டின் தலைநகராக விளங்கிய திருவனந்தபுரத்தில் இன்று அத்தகைய ஆணை எதுவும் இல்லை. ஆனால், அன்றாட உடையின் அளவையும், துணியையும், அது எத்தனை நாள் உழைக்கும் என்பதையும் பெரும்பாலும் ஆயத்த ஆடைச் சந்தையே முடிவு செய்கிறது. அந்த முடிவை உடுத்துபவரே எடுப்பதற்கான எளிய வழி, தமக்கு வேண்டியதைத் தாமே தைத்துக்கொள்வது. அது எந்த அளவுக்கு நடைமுறையில் சாத்தியம்? எங்கிருந்து தொடங்குவது? உண்மையில் பணம் மிச்சமாகுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தைத்த ஆடை வழியாகக் கிடைத்த உரிமை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியத் தடை இருந்தது. தோளில் மடித்துப் போர்த்தும் தைக்காத துணியான தோள்சீலை, உயர் சாதிப் பெண்களின் அடையாளமாகக் கருதப்பட்டது. இச்சூழலில், கிறிஸ்தவ சமயம் தழுவிய பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1813-இல் திவானாகவும் ஆங்கிலேயப் பிரதிநிதியாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ அனுமதித்தார். அதற்கு எதிர்ப்பு எழவே, 1814-இல் அந்த அனுமதி சுருக்கப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணியும் குப்பாயத்தை அணியலாம். தோள்சீலை கூடாது என்பதே புதிய ஆணை.

குப்பாயம் என்பது தைத்த மேற்சட்டை. எனவே, ஆடை உரிமை மறுக்கப்பட்ட பெண்களுக்கு முதலில் திறந்த வழி, தைத்த ஆடையாக இருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மிஷனரிகளின் மனைவியர், நாகர்கோவில் உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் ஊர்களில் பெண்களுக்கு எழுத்தறிவோடு தையலையும் லேஸ் பின்னலையும் கற்பித்தனர். நாகர்கோவிலில் லேஸ் வேலையைத் தொடங்கிவைத்த மார்த்தா மால்ட் அவர்களில் ஒருவர். மேலாடை என்பது விலை கொடுத்து வாங்கும் பொருளாக இல்லாத அக்காலத்தில், ஊசி பிடிக்கத் தெரிந்த கை அந்தப் பெண்களுக்குப் பெரும் துணையாயிற்று.

1829 பிப்ரவரியில் வெளியான அரச ஆணை மீண்டும் தோள்சீலைக்குத் தடை விதித்தது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் கலவரம் மூண்டது. சந்தைகளிலும் வீதிகளிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. வழிபாட்டு இடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்தைத் தொடர்ந்து, மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டார். எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால், உயர் சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்று அது கூறியது. இந்த நிகழ்வுகளே தோள்சீலைப் போராட்டம் என்று வரலாற்றில் அறியப்படுகின்றன.

அத்துடன் ஆடைக்கான போராட்டம் முடிந்துவிடவில்லை. திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-இல் தடையை மீறி வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றார். 1915-இல் அவரது தலைமையில் நடந்த கல்லுமாலைப் போராட்டத்தின்போது, புலையர் சமூகப் பெண்கள் கழுத்தில் கட்டாயமாக அணிந்திருந்த கல்மாலைகளைக் கழற்றி எறிந்து மேற்சட்டை அணிந்தனர். இன்று சாதாரணமாகத் தோன்றும் ஒரு ரவிக்கைக்குப் பின்னால் இத்தனை நீண்ட வரலாறு இருக்கிறது.

காந்தி விதிவிலக்கு அளித்த இயந்திரம்

கைத்தையல் இயந்திரத் தையலாக மாறியதிலும் திருவனந்தபுரத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. 1924-ஆம் ஆண்டு அக்டோபரில், டெல்லியில் 21 நாள் உண்ணாநோன்பை முடித்து ஓய்வில் இருந்த காந்தியடிகளைச் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் சந்தித்தார். எல்லா இயந்திரங்களையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று அவர் கேட்டார். அந்த மாணவர், திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் இணைந்து, 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் இவரே.

இயந்திரத்தை அல்ல, இயந்திரத்தின் மீதான வெறியையே தாம் எதிர்ப்பதாகக் காந்தி விளக்கினார். பிறகு, விதிவிலக்குக்கு எடுத்துக்காட்டாக அவர் குறிப்பிட்டது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்றும் அவர் சொன்னார். இந்த உரையாடல் அதே ஆண்டு நவம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியானது.

அந்த அன்புக் கதைக்கு வரலாற்றில் வலுவான ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-லும், ஐசக் சிங்கர் 1851-லும் காப்புரிமை பெற்றனர். இருவருக்குமிடையே வழக்கும் நடந்தது. ஆனால், காந்தி சுட்டிய கருத்து இன்றும் பொருந்துகிறது. தையல் இயந்திரம் மனிதரை ஆலைக்கு இழுக்காமல் அவர்களின் வீட்டிலேயே உழைக்கிறது. உழைப்பைக் குறைக்கிறது, திறனைப் பறிப்பதில்லை. இந்தியாவிலேயே 1930-களில் உஷா இயந்திரங்கள் தயாரிக்கப்படத் தொடங்கிய பின்னர், கால்மிதி இயந்திரம் நடுத்தர வீடுகளின் சீர்வரிசையிலும் இடம் பிடித்தது.

சந்தையின் அளவும் உடலின் அளவும்

அப்படிப் பரவிய இயந்திரங்கள் பல, இப்போது பல வீடுகளில் மூடி போட்ட மேசைகளாக நிற்கின்றன. ஆயத்த ஆடை எளிதில் கிடைப்பதே அதற்குக் காரணம். ஆனால், அந்த எளிமைக்குச் சில விலைகள் உண்டு.

முதலாவது, அளவு. ஆலைகள் உடலை நான்கைந்து அளவுகளாகப் பிரித்தே தைக்கின்றன. மார்பளவு பொருந்தினால் தோள் தளர்ந்து தொங்கும். தோள் பொருந்தினால் கை இறுக்கும். கருவுற்ற பெண், பாலூட்டும் தாய், கையைத் தூக்க முடியாத முதியவர், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஆகியோருக்கு அந்த அளவுகளில் இடம் குறைவு. இரண்டாவது, ஆயுள். செலவைக் குறைப்பதற்காக ஆயத்த ஆடைகளின் உட்புறத்தில் மிகக் குறைந்த துணியே விடப்படுகிறது. உடல் சற்றுப் பருத்தால் பிரித்து அகலப்படுத்த வழியில்லை. மூன்றாவது, உழைப்பு. வங்கதேசத் தலைநகர் டாக்கா அருகே சாவரில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து, ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் உள்பட 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓர் உடை மலிவாகக் கிடைக்கும்போது, அந்த மலிவின் சுமையை வேறு யாரோ சுமக்கக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்திய விபத்து அது.

வீட்டில் தைப்பதன் தேவையை அண்மையில் நாடு முழுவதும் உணர்ந்த தருணம், கொரோனா காலம். 2020 ஏப்ரலில் வீட்டிலேயே தயாரித்த துணி முகக்கவசங்களை அணியுமாறு மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. கேரளத்தில் குடும்பஸ்ரீ தையல் குழுக்களும், திருவனந்தபுரம் பூஜப்புரா மத்திய சிறையின் தையல் கூடமும் முகக்கவசங்களைத் தைத்து வழங்கின.

துணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுத் தையலின் முதல் முடிவு துணி. திருவனந்தபுரம் போன்ற ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களுக்கு வாயில், மல்மல், பாப்ளின் போன்ற மெல்லிய பருத்தித் துணிகள் ஏற்றவை. அவை வியர்வையை உறிஞ்சும். மழைக்காலத்திலும் ஓரளவு விரைவில் உலரும். கிழக்குக் கோட்டை அருகே உள்ள சாலை கடைத்தெருவில் இத்தகைய துணிகள் மீட்டர் கணக்கில் கிடைக்கின்றன.

நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பாலராமபுரம். மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் (1798-1810), தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்கள் இங்கு குடியமர்த்தப்பட்டனர். புவிசார் குறியீடு பெற்ற பாலராமபுரம் கைத்தறித் துணி, குழித்தறியில் நெய்யப்படும் மெல்லிய பருத்தி. கரை வேட்டியாகவும் சேலையாகவும் மட்டுமே பலர் அறிந்துள்ள இத்துணியில், சட்டையும் குர்தாவும் தைத்துக்கொள்ளலாம். பழைய வேட்டியின் உறுதியான பகுதி, குழந்தைக்கான சட்டைக்கோ உள்பாவாடைக்கோ போதுமானது.

புதிதாகக் கற்பவர் வழவழப்பான செயற்கை இழைத் துணியையும், இழுத்தால் நீளும் பனியன் துணியையும் தவிர்ப்பது நல்லது. முன்னது வெட்டும்போது நழுவும். பின்னது தைக்கும்போது அலை அலையாகச் சுருங்கும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

நேர்த்தையல் ஒன்றை மட்டும் ஒழுங்காகப் போடும் இயந்திரமே அன்றாட உடைகளுக்குப் போதும். வீட்டில் பழைய கால்மிதி இயந்திரம் இருந்தால், அதைப் பழுது நீக்கிப் பயன்படுத்தலாம். அதன் வேகம் காலின் கட்டுப்பாட்டில் இருப்பதால், கற்பவருக்கு அது ஒரு வகையில் எளிது.

இவை தவிர, துணிக்கென்றே ஒதுக்கிய கத்தரிக்கோல், அளவு நாடா, தையல் சாக்பீஸ், குண்டூசிகள், தையல் பிரிக்கும் ஊசி, இஸ்திரிப் பெட்டி ஆகியவை தேவை. ஊசியின் எண்ணும் முக்கியம். மெல்லிய துணிக்கு 11, நடுத்தரப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 என்பது பொது விதி. தையல் விட்டுவிட்டு விழுந்தால், இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் ஊசியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடலோரக் காற்றில் இரும்புப் பாகங்கள் விரைவில் துருப்பிடிக்கும். எனவே, தையல் இயந்திரத்துக்கென விற்கப்படும் எண்ணெயை அவ்வப்போது இட வேண்டும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் இடும் வழக்கம் கூடாது. அது நாளடைவில் பிசினாக இறுகி, பாகங்களை அசையவிடாமல் செய்துவிடும்.

எந்த உடையிலிருந்து தொடங்குவது?

பலர் முதல் முயற்சியிலேயே ரவிக்கை தைக்க முனைந்து, மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய ரவிக்கையே அன்றாட உடைகளில் மிகக் கடினமானது. கீழ்க்காணும் வரிசையில் சென்றால் கற்றல் எளிதாகும்:

தலையணை உறை: நேர்க்கோட்டில் தைக்கவும், ஓரம் மடிக்கவும் கை பழகும்.

உள்பாவாடை: நாடா கோக்கும் பட்டியும் கீழ் மடிப்பும் கைவரும். சுமார் 2 மீட்டர் துணி போதும்.

நைட்டி அல்லது வீட்டுச் சட்டை: தளர்வான உடை என்பதால் அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் வெளியே தெரியாது. கழுத்து வளைவைத் தைக்கவும் கையை இணைக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

குர்தா: முழங்கால் நீளத்துக்கு, 44 அங்குல அகலத் துணியில் சராசரி உடலமைப்புக்குச் சுமார் இரண்டரை மீட்டர் தேவை. பக்கவாட்டில் பை வைத்துக்கொள்வதும் இங்கு சாத்தியம். கடைகளில் கிடைக்கும் பெண்கள் உடைகள் பலவற்றில் இல்லாத வசதி இது.

சட்டை, ரவிக்கை: காலர், காஜா, டாட் பிடித்தல், கொக்கி வைத்தல் ஆகிய நுட்பங்கள் இறுதியில்தான் வர வேண்டும்.

அளவு, வெட்டு, தையல்: கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863-இல் பல அளவுகளில் காகிதப் படிவங்களை விற்கத் தொடங்கினார். அதன் பின் வீட்டுத் தையல் வேகமாகப் பரவியது. காகிதப் படிவம் இல்லாதவர்களுக்கு, நன்றாகப் பொருந்தும் பழைய உடையே சிறந்த படிவம். அதைச் சமமாக விரித்து, பழைய செய்தித்தாளில் அதன் உருவை வரைந்து, சுற்றிலும் தையலுக்கான இடம் சேர்த்து வெட்டிக்கொள்ளலாம். இம்முறை, உடலளவு எடுத்துக் கணக்கிடுவதைக் காட்டிலும் தொடக்கத்தில் பிழை குறைவானது.

உடலளவு எடுத்துத் தைப்பதானால், அளவு நாடாவை இறுக்காமல் பிடிக்க வேண்டும். குர்தாவுக்கு மார்பின் சுற்றளவோடு 3 முதல் 4 அங்குலம் தளர்வு சேர்ப்பது வழக்கம். இல்லாவிட்டால் மூச்சு விடவும் கையைத் தூக்கவும் இடம் இருக்காது.

வெட்டுவதற்கு முன் துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். பருத்தி முதல் சலவையில் சுருங்கும் இயல்புடையது. இந்தப் படியைத் தவிர்த்தால், கச்சிதமாகத் தைத்த உடையும் ஒரே சலவையில் இறுகிவிடும். அடுத்து, துணியின் பாவு இழை உடையின் நீளவாக்கில் வருமாறு படிவத்தை வைக்க வேண்டும். கரைக்கு இணையாக ஓடும் இழையே பாவு. இது கோணலானால், உடை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

பக்கவாட்டுத் தையலுக்குள் ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை துணி விடுவது நம் ஊர்த் தையல்காரர்களின் பழக்கம். பின்னாளில் பிரித்து அகலப்படுத்த இதுவே கைகொடுக்கும். பள்ளிப் பிள்ளைகளின் உடைக்குக் கீழ் மடிப்பிலும் கூடுதல் துணி விட்டால், அடுத்த ஆண்டும் அது பயன்படும்.

ஓவர்லாக் இயந்திரம் இல்லாதவர்கள், மெல்லிய துணிக்கு இரட்டைத் தையல் முறையைப் பின்பற்றலாம். முதலில் துணியின் உட்புறங்கள் ஒன்றையொன்று தொடுமாறு வைத்து, ஓரத்தையொட்டித் தைக்க வேண்டும். பிறகு பிசிறுகளை வெட்டி, துணியைத் திருப்பி, அந்த ஓரம் உள்ளே மறையுமாறு மீண்டும் ஒரு தையல் இட வேண்டும். நூல் பிரியாது, உட்புறமும் வெளிப்புறம் போலவே நேர்த்தியாக இருக்கும். ஆனால், இம்முறையில் விட்ட துணி உள்ளே மடிந்துவிடுவதால், பின்னர் அகலப்படுத்த முடியாது. எனவே, வளரும் பிள்ளைகளின் உடைக்கு இது ஏற்றதல்ல.

ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் அந்த இடத்தில் இஸ்திரி போட வேண்டும். வீட்டில் தைத்த உடை, கடையில் தைத்த உடை என்ற வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தில்தான் தெரியும்.

உண்மையில் பணம் மிச்சமாகுமா?

எப்போதும் இல்லை என்பதே நேர்மையான விடை. நல்ல பருத்தித் துணியின் விலை, நூல், கொக்கி, லைனிங் ஆகியவற்றைக் கூட்டினால், தள்ளுபடியில் கிடைக்கும் ஆயத்த ஆடையின் விலையை அது எட்டிவிடலாம். செலவழியும் நேரமும் கணக்கில் வரவேண்டும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு முதல் குர்தா ஒரு வார இறுதியையே எடுத்துக்கொள்ளும்.

மிச்சம் வேறு இடங்களில் கிடைக்கிறது. தையல் கூலி அதிகமுள்ள ரவிக்கை, லைனிங் வைத்த உடை ஆகியவற்றைத் தாமே தைப்பவருக்கு நேரடிச் சேமிப்பு உண்டு. கிழிந்ததைத் தைக்கவும், இறுகியதைத் தளர்த்தவும், பழைய சேலையைக் குர்தாவாக மாற்றவும் தெரிந்தவர் புதிதாக வாங்குவதே குறையும். எனவே, உடையை வாங்கிய விலையால் மட்டும் அளக்காமல், அது எத்தனை முறை உடுத்தப்பட்டது என்பதாலும் அளந்து பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

வீட்டில் தைப்பது தையல்காரரின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற அச்சமும் தேவையற்றது. கோட்டு, திருமண ரவிக்கை போன்ற நுணுக்கமான வேலைக்கு அவர்களின் கை வேண்டும். தானே தைத்துப் பார்த்தவர்தான் அந்த உழைப்புக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறார்.

கற்க என்ன வழி?

தமிழ்நாட்டில், சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள ஏழைப் பெண்களுக்கு இயந்திரம் வழங்கப்படுகிறது. விண்ணப்பிக்க விரும்புவோர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகலாம். கேரளத்தில், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் வழியாகப் பல பெண்கள் தையலைத் தொழிலாகவே மேற்கொண்டுள்ளனர்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். கூலிக்குத் தைக்கும்போது ஆணின் தொழிலாகவும், வீட்டுக்குத் தைக்கும்போது பெண்ணின் கடமையாகவும் பார்க்கப்படுவது தையல். பட்டன் தைக்கவும், மடிப்பு அடிக்கவும் வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருந்தால், அந்தச் சுமை ஒருவர் மீது மட்டும் விழாது.

தொடங்க விரும்புவோர், அலமாரி முழுவதையும் மாற்றத் திட்டமிட வேண்டியதில்லை. வாரத்தில் அதிக நாள்கள் உடுத்தும் ஓர் உடையைத் தேர்ந்தெடுத்து, அதன் குறை என்ன என்று பார்த்தால் போதும். கை இறுக்கமா, நீளம் போதாதா, பை இல்லையா? அந்தக் குறை நீங்கிய ஒரு பிரதியைத் தைத்துக்கொள்வதே முதல் படி. தைத்த ஒரு மேற்சட்டையை அணிவதற்காக ஒரு தலைமுறைப் பெண்கள் அடியும் அவமதிப்பும் தாங்கிய மண்ணில், இன்று அதற்குத் தேவைப்படுவது ஓர் ஊசி, இரண்டரை மீட்டர் பருத்தி, ஒரு வார இறுதி ஆகியவை மட்டுமே.